காணாமல் போகாத வாசகர்கள்

1752-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திற்குப் பிரிட்டனில் 19 நாட்கள்தாம். ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறும்பொருட்டு, செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை என்று நாடாளுமன்றச் சட்டம் வகுத்தது. பறிபோன பதினொரு நாட்களைத் திருப்பிக் கேட்டு மக்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தனர் என்றொரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. அப்படியொரு கலகம் நடந்ததற்குச் சான்றில்லை என்பதும், ஓவியர் ஹோகார்த்தின் தேர்தல் விருந்து ஓவியத்தில் காலடியில் கிடக்கும் ஒரு பதாகையே அக்கதையை வளர்த்தது என்பதும் பின்வந்த ஆய்வாளர்களின் முடிவு.

கலகத்தை விடுவோம். அந்த மாதத்தின் கணக்கேட்டை எண்ணிப் பார்ப்போம். நாளொன்றுக்குப் பத்துக் கப்பல்கள் வந்துசேரும் ஒரு துறைமுகம். அங்கே மாதக் கணக்கு எழுதும் ஒரு குமாஸ்தா. ஆகஸ்டில் 310 என்று எழுதியவர் செப்டம்பரில் 190 என்று எழுதுவார். நாட்காட்டி மாறிய செய்தியறியாத ஒருவர் அவ்வேட்டைப் புரட்டினால், ஐந்தில் இரண்டு பங்கு வணிகம் ஒரே மாதத்தில் அழிந்துபோனது என்றே முடிவுகட்டுவார். கடலிலோ ஒரு கப்பலும் குறைந்திருக்காது.

வலைத்தளங்களின் குறுகிய வரலாற்றில் இத்தகைய செப்டம்பர்கள் பல வந்துபோயிருக்கின்றன. தேடுபொறி வழியாக எத்தனை பேர் வந்தனர் என்று காட்டும் வரைபடம் ஒருநாள் காலையில் செங்குத்தாகச் சரிந்து கிடக்கும். நேற்றுவரை மலைத்தொடராக இருந்தது இன்று மணல்திட்டாகத் தெரியும். தளத்தை நடத்துபவர் பதறுவார். வாசகர்கள் போய்விட்டார்களா, தேடுபொறி தண்டித்துவிட்டதா, அல்லது எண்ணும் கருவி பழுதாகிவிட்டதா? இம்மூன்று கேள்விகளும் ஒன்றல்ல. ஆனால் வரைபடத்தின் கோடு மூன்றுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டும்.

வணிகர்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் உரிய இவ்விஷயம் இலக்கிய வாசகர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அச்சுச் சிற்றிதழ் நடத்தியவர்களுக்குச் சந்தா புதுப்பிப்பு என்றொரு அளவுகோல் இருந்தது, திரும்பிவந்த வி.பி.பி. பொட்டலம் என்ற இன்னொன்றும் இருந்தது. கசப்பானவைதாம், எனினும் ஐயத்திற்கிடமற்றவை. இணையத்தில் இதழ் நடத்துவோருக்கு வாசகர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கான அடையாளம் பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே. ஊதியமில்லாமல், இரவில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருக்கும் ஒருவர், அந்த எண் பாதியாகிவிட்டதென்று கண்டு கைவிட்டுவிடுவதும், அல்லது வாசகர் விரும்பவில்லை போலும் என்று எண்ணி மொழிபெயர்ப்புகளையும் நெடுங்கட்டுரைகளையும் நிறுத்திவிடுவதும் நடக்கக்கூடியவை. அந்த எண் பொய்யாக விழுந்திருந்தால்? ஆகவே அந்த எண் எங்கிருந்து வருகிறது, அது எப்போதெல்லாம் வாசகர் விலகாமலேயே விழுந்திருக்கிறது என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

*

தொடக்கத்தில் எண்ணியது வழங்கி. உலாவி கேட்கும் ஒவ்வொரு கோப்பிற்கும் வழங்கி தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும்: கேட்ட கணினியின் முகவரி, நேரம், கோப்பின் பெயர், கொடுக்கப்பட்டதா இல்லையா, எத்தனை பைட். தொண்ணூறுகளில் தளங்கள் பெருமையடித்துக்கொண்ட ‘ஹிட்’ என்பது இந்த வரிகளின் எண்ணிக்கையே. ஒரு பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால், ஒருவர் ஒருமுறை திறந்ததும் பதினொரு ஹிட்கள். அலங்காரக் கோடுகளையும் பொத்தான்களையும் நீக்கிப் பக்கத்தை எளிமையாக்கினால் ஹிட்கள் பாதிக்கும் கீழே போய்விடும். வாசகர் அதே வாசகர், முன்பைவிட வேகமாகப் படித்துக்கொண்டிருப்பார். இணையத்தின் முதல் பொய்வீழ்ச்சி இதுவென்று சொல்லலாம்.

இரண்டாவது பொய்வீழ்ச்சி இடைநிலைச் சேமிப்பகங்களால் வந்தது. அமெரிக்கா ஆன்லைன் போன்ற பெரிய சேவை நிறுவனங்கள், தம் வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட பக்கத்தைத் தம்மிடமே ஒரு படி எடுத்துவைத்து, அடுத்தடுத்துக் கேட்போருக்கு அதையே கொடுத்தன. நூறுபேர் படித்தாலும் மூல வழங்கியின் பதிவேட்டில் ஒரு வரிதான் விழும். நூலகத்தில் ஒரே பிரதியை ஊரே படிப்பதைப் போன்றது இது. பதிப்பாளரின் கணக்கில் ஒரு விற்பனை. 1995-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீஃபன் டர்னர், பதிவேடுகளைத் தொகுத்து அறிக்கை தரும் ‘அனலாக்’ என்ற மென்பொருளை எழுதினார். அதன் கையேட்டிலேயே, இப்பதிவேட்டைக் கொண்டு எத்தனை ஆட்கள் வந்தார்கள் என்று உண்மையில் அறிய இயலாது என்பதை அவர் விளக்கி வைத்திருந்தார். தன் கருவியின் எல்லையைத் தானே எழுதிவைத்த அந்த நேர்மை பின்னாளில் வந்த பளபளப்பான அறிக்கைகளில் காணக் கிடைக்கவில்லை என்பது நம் கருத்து.

வாசகர் எங்கிருந்து வந்தார் என்ற செய்தியைத் தருவது வேறொரு புலம். ஒரு சுட்டியைச் சொடுக்கும்போது, தான் எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டது என்பதை உலாவி புதிய வழங்கியிடம் சொல்கிறது. 1996-இல் வெளியான எச்.டி.டி.பி. ஆவணத்தில் இப்புலத்திற்கு ‘ரெஃபரர்’ என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லில் இரட்டித்து வரவேண்டிய ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதிவிட்டார்கள். அந்த எழுத்துப் பிழை நெறிமுறையாகவே நிலைத்து, இன்றுவரை உலகின் எல்லா உலாவிகளிலும் பிழையோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. (மெய்ப்புத் திருத்துவோர் ஆறுதல் கொள்ளலாம்.)

அந்நாட்களில் தேடுபொறியிலிருந்து வருபவரின் ரெஃபரரில், அவர் தேடிய சொற்களும் சேர்ந்தே வந்துவிடும். இலக்கியத் தளம் நடத்தியவர்களுக்கு இது ஒரு சிறிய அற்புதம். யாரோ ஒருவர், எந்த ஊரிலிருந்தோ, ஒரு சிறுகதையின் பெயரை மறந்துபோய் அதன் முடிவை மட்டும் தட்டெழுதித் தேடி வந்து சேர்ந்திருப்பார். வேறொருவர் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி வந்திருப்பார். வாசகர் வாய்திறந்து சொல்லாத கேள்விகளை ஆசிரியர் மறைந்திருந்து கேட்பது போன்ற ஏற்பாடு அது. அப்படிக் கேட்பது நியாயமா என்ற வினாவை அன்று பெரும்பாலோர் எழுப்பவில்லை.

*

2005-இல் கூகிள், சான் டியேகோவைச் சேர்ந்த அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கியது. அவ்வாண்டு நவம்பரில் அதன் கருவியைக் ‘கூகிள் அனலிடிக்ஸ்’ என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. கூட்டம் தாளாமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தவேண்டி வந்தது. எல்லோருக்கும் மீண்டும் கதவு திறந்தது 2006 ஆகஸ்டில்.

இக்கருவி கொண்டுவந்த மாற்றத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: எண்ணும் வேலை வழங்கியிடமிருந்து உலாவியிடம் போயிற்று. பக்கத்தில் பொதிந்த ஒரு சிறு ஜாவாஸ்க்ரிப்ட் நிரல் வாசகரின் கணினியில் ஓடி, ‘நான் திறக்கப்பட்டேன்’ என்று கூகிளுக்குச் செய்தி அனுப்பும். தளங்களை இடையறாது மேய்ந்துகொண்டிருந்த தானியங்கிகளில் பெரும்பாலானவை அந்நிரலை ஓட்டுவதில்லை. ஆகவே பதிவேட்டுக் கணக்கிலிருந்து இதற்கு மாறியவர்கள் அனைவரும் முதல் நாளே ஒரு வீழ்ச்சியைக் கண்டார்கள். மனிதர் என்று நம்பியிருந்தவர்களில் ஒரு பகுதி எந்திரங்கள் என்று தெரிந்த நாள் அது. பிளாகர் தளமே தந்த வருகை எண்ணும் அனலிடிக்ஸ் தந்த எண்ணும் ஒருபோதும் ஒத்துவராமல் தமிழ் வலைப்பதிவர்களை நெடுங்காலம் குழப்பியதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

அடுத்த மாற்றம் மௌனமாக வந்தது. 2011 அக்டோபர் 18 அன்று, தன் கணக்கில் நுழைந்திருக்கும் பயனர்களின் தேடல்களை மறைகுறியாக்கப்போவதாகக் கூகிள் அறிவித்தது. தேடுபவரின் அந்தரங்கத்தைக் காப்பது நோக்கம். அதன் விளைவாக, வாசகர் கூகிளிலிருந்து வந்தார் என்ற செய்தி மட்டும் தளத்திற்குக் கிட்டும். எச்சொல்லைத் தேடி வந்தார் என்பது கிட்டாது. அறிக்கையில் அச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் ‘வழங்கப்படவில்லை’ என்னும் பொருள்பட ஒரு வரி தோன்றியது. இது ஒற்றை இலக்க விழுக்காட்டுத் தேடல்களையே பாதிக்கும் என்று கூகிள் தரப்பில் முதலில் கூறப்பட்டது. 2013 செப்டம்பர் வாக்கில் ஏறத்தாழ எல்லாத் தேடல்களும் மறைகுறியாக்கத்திற்குள் வந்துவிட்டன.

குறிப்பிட்ட சொல்லுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தனியே வடிகட்டிப் பார்த்துவந்தவர்களின் வரைபடங்கள் அவ்விரண்டு ஆண்டுகளில் படிப்படியாகத் தரைதட்டின. ஓர் எழுத்தாளரின் பெயரைத் தேடி மாதம் முந்நூறு பேர் வந்துகொண்டிருந்த இடத்தில் இருபது பேர் வந்ததாக அறிக்கை சொல்லும். அவ்வெழுத்தாளரை வாசகர் மறந்துவிட்டார்கள் என்று யாரேனும் கட்டுரை எழுதியிருந்தால் அது அபத்தமாகவே முடிந்திருக்கும். மற்ற இருநூற்றெண்பது பேரும் ‘வழங்கப்படவில்லை’ என்ற பெயரின்கீழ் வந்து அமைதியாகப் படித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

2012 செப்டம்பரில் ஆப்பிளின் ஐ.ஓ.எஸ். 6 வெளியானபோது இன்னும் விசித்திரமான ஒன்று நிகழ்ந்தது. அதன் சஃபாரி உலாவியின் தேடல் பெட்டி கூகிளின் மறைகுறியாக்கப்பட்ட பதிப்பிற்குச் சென்றது. அவ்வழியே வந்தவர்களிடம் ரெஃபரரே இல்லை. ரெஃபரர் இல்லாதவரை, முகவரியைத் தாமே தட்டெழுதி நேராக வந்தவர் என்று கருதுவது அனலிடிக்ஸின் வழக்கம். ஆகவே ஐஃபோன் வழித் தேடல் வருகை சரிந்தது. ‘நேரடி’ வருகை அதே அளவு ஏறியது. ஒரு நெடுவரிசையிலிருந்து இன்னொன்றிற்கு ஆட்கள் இடம்பெயர்ந்தனர், அவ்வளவே. மொத்த எண்ணைப் பார்த்தவர் தப்பித்தார். தேடல் நெடுவரிசையை மட்டும் பார்த்தவர் அலறினார்.

இந்த ‘நேரடி’ என்ற பெட்டிக்குள் யார்தான் இருக்கிறார்கள் என்று அறிய, 2014-இல் அமெரிக்காவின் குரூப்பான் நிறுவனம் துணிச்சலான ஒரு சோதனை செய்தது. தன் தளத்தைக் கூகிளின் அட்டவணையிலிருந்து தானே ஏறத்தாழ ஆறு மணிநேரம் நீக்கிக்கொண்டது. தேடல் வருகை நின்றது, வியப்பு அதிலில்லை. தட்டெழுத இயலாத நீண்ட முகவரிகளுக்கு வந்துகொண்டிருந்த ‘நேரடி’ வருகையும் சுமார் 60 விழுக்காடு கூடவே விழுந்தது. நேராக வந்ததாகக் கணக்கெழுதப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் உண்மையில் தேடி வந்தவர்கள்! வழிப்போக்கர்கள் என்று நினைத்தவர்கள் நம்மைப் பெயர்சொல்லித் தேடிவந்தவர்கள் என்று தெரியவரும்போது உண்டாகும் ஒரு கூச்சம் அந்த முடிவைப் படிக்கையில் நமக்கும் உண்டாகிறது.

*

தமிழுக்கே உரிய ஓர் அத்தியாயம் இதில் உண்டு. டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்களிலும், இதழுக்கொன்றான சொந்த எழுத்துருக்களிலும் தமிழ்த் தளங்கள் இருந்த காலத்தில், அப்பக்கங்கள் தேடுபொறிக்குப் பொருளற்ற ரோமன் குறிகளின் குவியலாகவே தெரிந்தன. அப்போது தேடல் வருகை என்று பேச ஏதுமில்லை. ஒருங்குறிக்கு மாறிய பிறகுதான் தமிழில் தேடித் தமிழைக் கண்டடைவது இயல்பாயிற்று. மாறும்போது பல தளங்கள் பக்கங்களின் முகவரிகளையும் மாற்றிவிட்டன. பழைய சுட்டிகள் அறுந்தன. அவற்றின் வழி வந்தோர் முட்டிக்கொண்டு திரும்பினர். அது பொய்வீழ்ச்சியன்று, மெய்யாகவே இழப்பு.

2012-இன் தொடக்கத்திலோ வேறு கதை. பிளாக்ஸ்பாட் வலைப்பதிவுகளை இந்தியாவிலிருந்து திறப்போரைக் கூகிள் தானாகவே ‘டாட் இன்’ முகவரிக்குத் திருப்பிவிடத் தொடங்கியது. நாட்டுக்கு நாடு வரும் நீக்கக் கோரிக்கைகளை அந்தந்த நாட்டளவில் நிறைவேற்றுவதற்கான ஏற்பாடு அது. ஒரே வலைப்பதிவு இந்தியாவில் ஒரு முகவரி, அமெரிக்காவில் இன்னொரு முகவரி என்று ஆயிற்று. முகவரியைக் கொண்டு எண்ணிய கருவிகளும் தரவரிசைகளும் ஒரே பதிவை இரண்டாகப் பிளந்து எண்ணின. பழைய முகவரியின் எண் விழுந்தது. 2018-இல் கூகிள் அத்திருப்பலைக் கைவிட்டது. 2020-இல் அந்த ‘டாட் இன்’ பெயரைப் புதுப்பிக்கத் தவறியதால் அது வேறொருவர் கைக்குப் போயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டுரைகளிலும் மின்னஞ்சல்களிலும் பதிந்துபோன எண்ணற்ற ‘டாட் இன்’ சுட்டிகள் ஒரே சமயத்தில் செத்துப்போயின. பொய்யான சரிவில் தொடங்கிய ஓர் ஏற்பாடு எட்டாண்டுகள் கழித்து மெய்யான சரிவில் முடிந்தது.

மெய்யான சரிவுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், எல்லாம் மாயை என்று ஆறுதல் கூறுவதாகிவிடும். 2003 நவம்பரில் கூகிள் தன் தரவரிசை முறையை மாற்றியது. ‘ஃப்ளோரிடா’ என்று அழைக்கப்பட்ட அம்மாற்றத்தால் கிறிஸ்துமஸ் பருவத்துக்குச் சற்று முன்பு எத்தனையோ சிறு வணிகர்கள் முதல் பக்கத்திலிருந்து மறைந்தார்கள். 2011 பிப்ரவரியில் வந்த ‘பாண்டா’ மாற்றம் அமெரிக்கத் தேடல்களில் 11.8 விழுக்காட்டைத் தொட்டதாகக் கூகிளே சொன்னது. நகலெடுத்துப் பக்கம் நிரப்பிய தளங்களுக்காக வைத்த வலை அது. சில நல்ல தளங்களும் தங்கள் பங்குக்குச் சிக்கிக்கொண்டதாக முறையிட்டன.

மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய ஒற்றைச் சாட்சியம் போதாது. இன்று ‘சர்ச் கன்சோல்’ என்று வழங்கும் கருவி (2005-இல் ‘சைட்மேப்ஸ்’, 2006-இல் ‘வெப்மாஸ்டர் டூல்ஸ்’, 2015-இலிருந்து இப்பெயர்) மூன்று எண்களைத் தருகிறது: தேடல் முடிவுகளில் நம் பக்கம் எத்தனை முறை தோன்றியது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது. உலகம் ஒரு பொருளைத் தேடுவதையே நிறுத்திவிட்டால் தோற்றம் விழும், இடம் மாறாது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது பயணத் தளங்களுக்கு நேர்ந்தது அதுதான். தேடுபொறி நம்மைக் கீழே தள்ளியிருந்தால் இடமும் விழும், பின்னாலேயே சொடுக்குகளும் விழும். மூன்றும் ஒன்றுக்கொன்று முரணாக நடந்துகொண்டால் எண்ணும் முறையைச் சந்தேகிக்கவேண்டும்.

அதற்கு அண்மைய எடுத்துக்காட்டு 2025 செப்டம்பர். ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டும்படி கூகிளைக் கேட்க உதவிய ஒரு முகவரி உத்தி அம்மாதத்தின் நடுவில் செயலற்றுப்போனது. அதை மனிதர் பயன்படுத்தியதைவிட, தரவரிசையை வேவுபார்க்கும் மென்பொருள்கள் பயன்படுத்தியதே மிகுதி. எழுபதாவது, எண்பதாவது இடத்தில் கிடந்த பக்கங்களும் அம்மென்பொருள்களின் பொருட்டு ‘தோன்றியதாக’ எண்ணப்பட்டுவந்தன. அவ்வழி அடைபட்டதும் பலருடைய அறிக்கைகளில் தோற்றங்களின் எண் சரிந்தது. சராசரி இடமோ மேம்பட்டது! சொடுக்குகள் அசையவேயில்லை. யாரும் காணாத தோற்றங்கள் கணக்கிலிருந்து நீங்கின, அவ்வளவுதான். எனினும் வாசகர் பாதியாகிவிட்டனர் என்ற புலம்பலை அம்மாதத்தில் நாங்கள் பல இடங்களில் படித்தோம்.

2019 ஏப்ரலில் நடந்ததும் இவ்வகையே. ஒரே கட்டுரைக்குக் கணினிக்கொரு முகவரி, கைப்பேசிக்கொரு முகவரி என்றிருந்தால், இரண்டின் வருகையையும் முதன்மை முகவரியின் பெயரிலேயே எழுதுவது என்று கூகிள் முடிவுசெய்தது. கைப்பேசிப் பதிப்பின் அறிக்கையைத் தனியே பார்த்துவந்தவர்களுக்கு அது ஏறத்தாழச் சூனியமாயிற்று. பக்கத்து அறிக்கையைத் திறந்திருந்தால் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கலாம்.

இவை பெரிய மாற்றங்கள். அன்றாடம் ஏமாற்றும் சிறியவையும் உண்டு. சர்ச் கன்சோலின் நாள் கலிஃபோர்னியாவின் நாள். சென்னையில் காலை எட்டு மணிக்கு ஒரு கதையைப் படிக்கும் வாசகர், அங்கே முந்தைய நாள் மாலையில் எண்ணப்படுகிறார். கடைசி ஓரிரு நாட்களின் கணக்கு எப்போதும் முழுமையடையாமலே இருக்கும். அதைப் பார்த்துச் சரிவு என்று துணுக்குறுவோர் பலர். மிகச் சிலரே தேடிய சொற்களை அந்தரங்கம் கருதி அறிக்கை மறைத்துவிடுகிறது. சொல்வாரியாகக் கூட்டினால் மொத்தத்தைவிடக் குறைவாக வருவது அதனால்தான். நம்முடையவை போன்ற தளங்களுக்கு வருவோரில் பலர் அபூர்வமான சொற்களைத் தேடுபவர்கள். ஒரு சங்கச் சொல்லையோ மறக்கப்பட்ட ஒரு நாவலையோ நாடி வருபவர்கள். முதலில் மறைக்கப்படுபவர்களும் அவர்களே.

பிறகு நாட்காட்டி, 1752-க்குப் பிறகும் அது நம்மை விடவில்லை. தீபாவளி 2022-இல் அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. தீபாவளி மலர்களைப் பற்றி எழுதும் ஒரு தளம் 2023 அக்டோபரை முந்தைய அக்டோபருடன் ஒப்பிட்டால் வீழ்ச்சி தெரியாமல் இருக்குமா? புத்தகக் காட்சி நடக்கும் ஜனவரியோடு, 28 நாட்களே உள்ள பிப்ரவரியை ஒப்பிடுவதும் இதைப் போன்றதே.

*

இலக்கியத்தின் வீழ்ச்சியை நிறுவ விரும்புவோர் அவ்வப்போது கையிலெடுக்கும் வரைபடம் ‘கூகிள் டிரெண்ட்ஸ்’. 2004 ஜனவரியில் தொடங்கும் அதில், இலக்கியம் அல்லது கவிதை என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களை இட்டால் இறங்குமுகமான ஒரு கோடு கிடைக்கும். அறிவியல் என்று இட்டாலும் அப்படியே. மனித அறிவே மங்கிவருகிறது போலும் என்று தோன்றும். அக்கோடு காட்டுவது தேடல்களின் எண்ணிக்கையையன்று. மொத்தத் தேடல்களில் அச்சொல்லின் பங்கை. 2004-இல் இணையத்தில் மாணவர்களும் பேராசிரியர்களும் கணினித் தொழில்நுட்பர்களும் விகிதத்தில் மிகுந்திருந்தனர். பிறகு ஊரே வந்தது; கிரிக்கெட் முடிவும் பாட்டும் ரயில் நேரமும் தேடியது. கவிதை தேடியவர் எண்ணிக்கை கூடியிருந்தாலும் பங்கு குறையத்தானே செய்யும்? ஊர்க்கோடியில் ஒரே வீடாக நின்ற நூலகத்தைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்ட கதை இது. மேலும் அந்த வரைபடத்தின் 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுத் தொடக்கங்களில், தரவு சேகரிக்கும் முறையோ இடங்களை வகுக்கும் முறையோ மாற்றப்பட்டதென்று சிறு குறிப்புகளைக் கூகிளே இட்டுவைத்திருக்கிறது. அக்குறிப்புகளை யாரும் கட்டுரைகளில் எடுத்தாளக் கண்டதில்லை.

இதுவரை சொன்னவற்றுக்கு நேர்மாறான நிகழ்வொன்று 2025-இல் விக்கிப்பீடியாவுக்கு நேர்ந்தது. மே, ஜூன் மாதங்களில் அதன் வருகை வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தது. பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. மகிழ்ச்சியடைவதற்குப் பதிலாக விக்கிமீடியா அறக்கட்டளையினர் ஐயுற்றனர். தானியங்கிகளை இனங்காணும் முறையைத் திருத்தி, பழைய கணக்கை மறுபடி பிரித்தார்கள். உயர்வின் பெரும்பகுதி, மனிதர்போல் வேடமிட்டுவந்த தானியங்கிகள். வேடத்தைக் கலைத்தபின் எஞ்சிய மனிதப் பார்வைகள், 2024-இன் அதே மாதங்களோடு ஒப்பிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்திருந்தன. அந்த அக்டோபரில் இதை வெளிப்படையாக எழுதினார்கள். தேடுபொறிகள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு விடையைத் தம் பக்கத்திலேயே சொல்லிவிடுவதும், இளையவர்கள் காணொளித் தளங்களில் தகவல் தேடுவதும் காரணங்கள் என்று அவர்கள் கருதினார்கள். உயர்வு பொய்; சரிவு மெய். பொய்யான உயர்வு மெய்யான சரிவை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தது.

கூகிள் தன் முடிவுகளின் தலைமாட்டில் எந்திரம் எழுதிய சுருக்கத்தை இடத் தொடங்கியது 2024 மே மாதத்தில், அமெரிக்காவில். அதிலிருந்து தோற்றமும் இடமும் அப்படியே இருக்கச் சொடுக்கு மட்டும் குறையும் ஒரு புதிய வகைச் சரிவு உண்டாகியிருக்கிறது. நம் கட்டுரையின் சாரத்தைப் படித்துவிட்டு, நம் வாசலுக்கு வராமலே போகிற ஒருவரை வாசகர் என்று எண்ணுவதா? இதற்கு எந்த நெடுவரிசையிலும் இடமில்லை. சுருக்கத்தில் அடங்கிவிடக்கூடிய எழுத்துக்கு இந்த இழப்பு பெரிதாகவும், அடங்காத எழுத்துக்குச் சிறிதாகவும் இருக்கும் என்பது எங்கள் ஊகம். கதைக்கும் கவிதைக்கும் சாரம் என்று ஒன்றைப் பிழிந்தெடுப்பது கடினம் அல்லவா.

இவ்வளவும் எழுதியபின் வரலாற்றாசிரியரின் தொழில்முறைத் துயரம் ஒன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். 2023 ஜூலை 1 அன்று பழைய அனலிடிக்ஸ் எண்ணுவதை நிறுத்தியது. அதன் இடத்தில் வந்த புதிய பதிப்பு வருகை, பயனர் என்ற சொற்களுக்கே வேறு இலக்கணம் வைத்திருந்தது. அந்த நாளில் அநேகத் தளங்களின் கோடுகள் உடைந்து வேறு உயரத்தில் தொடங்கின. 2024 ஜூலையில் பழைய தரவைப் பார்க்கும் வசதியும் நீங்கி, அழிப்பு தொடங்கியது. சர்ச் கன்சோலோ பதினாறு மாதங்களுக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. இரண்டாயிரங்களின் நடுவில் தமிழில் எதைத் தேடி யார் வந்தார்கள் என்பதற்கு இன்று எஞ்சியிருப்பவை, யாரோ சிலர் அப்போதே தரவிறக்கி வைத்த விரிதாள்கள் மட்டுமே. அவற்றிலும் பயனுள்ளவை, எண்களின் ஓரத்தில் ஆசிரியர் கைப்படக் குறித்து வைத்திருப்பவை: இன்று எழுத்துரு மாற்றினோம், இன்று வார்ப்புரு மாற்றினோம், எண்ணி நிரலைப் புதிய பக்கத்தில் ஒட்ட மறந்து நான்கு நாட்கள் போயின, இந்த வாரம் வழங்கி படுத்துவிட்டது, இன்று தீபாவளி.